சத்தியப்பெட்டிக்கு விலக்கு

முப்பத்தொன்று என்று காட்டியது பெட்டி.

வக்கீல் சங்கரவடிவு அதை அணைத்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடியும் போட்டார். "இன்னொருக்கா சொல்லுங்க பெனிட்டாம்மா. மொதல்லருந்து. பைய சொல்லுங்க, அவசரமில்ல."

பெனிட்டா முதலிலிருந்து சொன்னாள். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. "மார்ச் நாலாம் தேதி காலைல ஆறு இருவதுக்கு மூணாம் நம்பர் குழாய் இணைப்புல அமோனியா கசிஞ்சுது. பதிவேட்டுல எழுதுனேன். மொதலாளிகிட்ட நேர்லயும் சொன்னேன். ஒம்பதாம் தேதி ரெண்டாவது தடவ. பதினாலாம் தேதி மூணாவது தடவ. மூணு தடவையும், மீன்பிடித் தடைக்காலம் வரட்டும் பாத்துக்கிடலாம், இப்போதைக்குப் பசைய வச்சு ஒட்டுங்கன்னு சொன்னாவ. பதினேழாம் தேதி குழாய் வெடிச்சுது. பேச்சிமுத்து செத்துப்போனாவ."

பெட்டி இருபத்தெட்டு என்றது.

"ஏட்டி, கொறஞ்சுல்லா போச்சு!" என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள் அக்கா ஜெனோவா. "உண்மையத்தான சொல்லுத?"

"உண்மைதான்."

"அப்ப ஏன் கரண்டுக் கம்பத்தப் பாத்து ஒப்பிக்க மாதிரி சொல்லுத? வக்கீலம்மா மூஞ்சியப் பாத்துச் சொல்லேன்."

"மூஞ்சியப் பாத்தா தேதி மறந்துரும்க்கா."

அரசாங்கத்தார் அதற்கு வைத்த பெயர் மெய்மானி. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. சத்தியப்பெட்டி என்றால் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சோற்றுப் பாத்திரம் அளவுக்கு இருக்கும், அவ்வளவுதான். முன்னால் உட்கார்ந்து பேசினால் கண்ணைப் பார்க்கும், குரலைக் கேட்கும், கழுத்து நரம்பு துடிப்பதைக்கூட எண்ணிவிடும். பிறகு ஒரு எண்ணைக் காட்டும். அறுபதும் அதற்கு மேலும் வந்தால் சொன்னது சாட்சி. அறுபதுக்குக் கீழே என்றால் சொன்னது காற்றோடு போச்சு. வந்து ஆறு வருஷம் ஆகிறது. வழக்குகள் மளமளவென்று முடிகின்றன என்று எல்லோருக்கும் சந்தோஷம். பள்ளிக்கூடத்தில், கல்யாணப் பேச்சில், புருஷன் பெண்டாட்டி சண்டையில் எல்லாம் அதைக் கொண்டுவந்து நடுவில் வைக்கப் பழகிவிட்டார்கள்.

"இந்தப் பெட்டிக்கு உண்மையெல்லாம் தெரியாதும்மா" என்றார் வடிவு. "ரெண்டு கோடிப் பேரு உண்மை பேசும்போது மூஞ்சி எப்படி இருந்துச்சுங்கிறது தெரியும். அத வச்சிட்டுப் பாக்குது. ஒங்க மூஞ்சி அந்த ரெண்டு கோடில இல்ல, பாத்துக்கிடுங்க."

துறைமுகத்து ஐஸ் பிளான்ட்டில் பதினான்கு வருஷமாக கம்ப்ரசர் ஓட்டுகிறாள் பெனிட்டா. வயது நாற்பத்தொன்று. எந்தக் குழாய் எந்த நேரம் என்ன சத்தம் போடும் என்று அவளுக்குத் தெரியும். மனிதர்களின் சத்தம்தான் அவளுக்குக் குழப்பம். அந்த பிளான்ட்டில்தான் குழாய் வெடித்து, ஐஸ் கட்டி தூக்குகிற பேச்சிமுத்து, மாடிப்படியின் கீழே மூச்சுமுட்டிச் செத்தார். முதலாளி ஜெயக்கொடி பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, ஃபிட்டர் கிளாட்வின் யாரையும் கேட்காமல் தப்பு வால்வைத் திறந்துவிட்டான் என்றார். தொண்ணூற்றிரண்டு வந்தது. கிளாட்வினுக்குப் பயத்தில் நாக்குக் குழறியது. நாற்பத்துநான்கு. அன்றைக்கே விலங்கு போட்டுப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கையில் இரண்டு வயதுப் பிள்ளையோடு அவன் பெண்டாட்டி சகாய ரீத்தா இந்த வக்கீல் ஆபீஸ் வாசலில் நிற்கிறாள்.

கிளாட்வினைக் காப்பாற்ற இருந்தது ஒரே ஒரு வழிதான். பெனிட்டா எழுதிய பதிவேடு. ஆனால் எழுதியவர் வந்து, பெட்டிக்கு முன்னால், ஆமாம் நான்தான் எழுதினேன், எழுதியது நடந்தது என்று சொல்லி அறுபது வாங்கினால்தான் அது செல்லும்.

வடிவு கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. ஒங்களுக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் ஏதாவது..."

"அப்படி ஒண்ணும் கெடையாது" என்றாள் ஜெனோவா.

"இருக்கு" என்றாள் பெனிட்டா.

ஜெனோவா மேஜைக்கு அடியில் அவள் தொடையில் கிள்ளினாள். சின்ன வயதிலிருந்தே அக்காவின் பாஷை அது. கல்யாண வீட்டில் ஒரு கிள்ளு என்றால் சிரி. இழவு வீட்டில் ஒரு கிள்ளு என்றால் சிரிக்காதே. இரண்டு கிள்ளு என்றால் வாயை மூடு. இப்போது விழுந்தது இரண்டு.

"ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம். ரெண்டு வருசத்துக்கு முன்ன மதுரைல பாத்துச் சொன்னாவ. பீரோல இருக்கு" என்று பெனிட்டா சொல்லி முடித்தாள்.

மதுரையில் அந்த டாக்டரம்மா சொன்னபோது அவள் அழவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது, முப்பத்தொன்பது வருஷமாகத் திமிர் பிடித்தவள், கோட்டி, கல்லு என்று கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே இறங்கிப்போவது போல இருந்தது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னாள். ஜெனோவா காகிதத்தை வாங்கி, நான்காக மடித்து, பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். "ஷைனி கல்யாணம் முடியுத வர இது இந்த வீட்ட விட்டு வெளிய போகக்கூடாது" என்றாள். ஷைனி ஜெனோவாவின் ஒரே மகள். போன ஞாயிறுதான் கோயிலில் அவளுக்கு முதல் ஓலை வாசித்திருந்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லவும் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். இன்னும் இரண்டு ஓலை பாக்கி.

"சட்டத்துல ஒரு பிரிவு இருக்கு" என்றார் வடிவு. "சர்ட்டிபிகேட் காட்டுனா பெட்டி இல்லாம சாட்சி சொல்லலாம். விலக்குன்னு பேரு. ஆனா பேரு பட்டியல்ல ஏறும். யாரு வேணும்னாலும் போன்ல தட்டிப் பாக்கலாம்."

"அது எதுக்கு ஊரு பாக்கணும்?" என்றாள் ஜெனோவா.

"பெட்டிக்குத் தப்பிச்சவன் யாருன்னு ஊருக்குத் தெரியணுமாம்."

"வேண்டாம். நான் இவளப் பழக்கிக் கொண்டாறேன். எத்தன நாள் இருக்கு?"

"ஒம்பது."

வடிவு பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கொடுத்துவிட்டார். அன்றைக்குத் தொடங்கியது ஜெனோவாவின் பள்ளிக்கூடம். அடுப்பில் மீன் குழம்பு கொதிக்க, அரிவாள்மணைக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு அவள் நடத்திய பாடத்தை எந்த நாடகக்காரனும் நடத்தியிருக்க மாட்டான்.

"மூஞ்சியப் பாக்காண்டாம், ரெண்டு புருவத்துக்கு நடுவுல பாரு. எண்ணிக்கோ, மூணு எண்ணுனதும் கீழ பாரு, திரும்பப் பாரு. தேதி சொல்லுததுக்கு முன்ன ஞாபகப்படுத்துத மாதிரி கொஞ்சம் நிறுத்து."

"எனக்கு ஞாபகம் இருக்கே."

"இருந்தாலும் நிறுத்தணும்ட்டீ! பட்டுன்னு சொன்னா மனப்பாடம்னு நினைக்குது அந்தச் சவம். பேச்சிமுத்து பேரு வரும்போது எச்சி முழுங்கு. தொண்ட அடச்ச மாதிரி."

"எனக்கு அவ்வோ செத்த அன்னைக்குத் தொண்ட அடைக்கல. காதுதான் ஒரு வாரமா வலிச்சுது."

"காது வலியப் பெட்டி பாக்காது, தாயீ."

மூன்றாம் நாள் முப்பத்தொன்பது. ஐந்தாம் நாள், இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, ஐம்பத்திரண்டு. ஏழாம் நாள் அறுபத்துநான்கு வந்தபோது ஜெனோவா கரண்டியைப் போட்டுவிட்டுத் தங்கையைக் கட்டிப்பிடித்தாள். பெனிட்டாவுக்குக் கட்டிப்பிடித்தால் ஆகாது. ஆனாலும் நின்றாள். தோள்பட்டை வரைக்கும் களைத்துப் போயிருந்தது. ஒரு தடவை சொல்லி முடித்தால் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்த்த மாதிரி இருந்தது.

எட்டாம் நாள் அந்தச் சங்கதி நடந்தது. புருவம், மூன்று எண்ணிக்கை, எச்சில் என்று கவனம் எல்லாம் முகத்திலேயே இருந்ததில், பதினாலாம் தேதி என்று சொல்ல வேண்டிய இடத்தில் பன்னிரண்டாம் தேதி என்று சொல்லிவிட்டாள். பெட்டி அறுபத்தாறு காட்டியது.

"பாத்தியா, ஏறிக்கிட்டே போகுது!" என்றாள் ஜெனோவா.

பெனிட்டா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நான் தேதியத் தப்பாச் சொல்லிட்டேன்."

"அதனால என்ன, நாளைக்குச் சரியாச் சொல்லு."

"தப்பாச் சொன்னதுக்கு அறுவத்தாறு. சரியாச் சொன்னதுக்கு இருவத்தெட்டு." அவள் எழுந்து கையைக் கழுவினாள். கழுவிய கையை மறுபடியும் கழுவினாள். "நான் இதுக்கு முன்னால உக்கார மாட்டேன். சர்ட்டிபிகேட்ட எடுத்துக் குடு."

"கோட்டிக்காரி மாதிரிப் பேசாத. கிளாட்வின் வெளிய வரணுமா, ஒன் தேதி சரியா இருக்கணுமா?"

"ரெண்டும்."

"ரெண்டும் கெடைக்காதுட்டீ! ஒலகத்துல ஒருத்தருக்கும் கெடைக்கல!" ஜெனோவா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஷைனிய நினைச்சுப் பாத்தியா? நம்ம பேரு அந்தப் பட்டியல்ல ஏறுச்சுன்னா, ரத்தத்துல இருக்கும்பாவ, பிள்ளைக்கு வரும்பாவ. இன்னும் ஒரு ஓலைதான். ஒண்ணே ஒண்ணு."

பெனிட்டா ஷைனியை நினைத்துப் பார்த்தாள். நன்றாகவே நினைத்துப் பார்த்தாள். பிறந்த அன்றிலிருந்து எத்தனை நாள் அந்தப் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தாள் என்றுகூட அவளுக்குத் தெரியும். ஆனால் நடித்துச் சொன்னால், சொன்னதில் எது நடந்தது, எது முகத்துக்காகச் சொன்னது என்று நாளைக்கு அவளுக்கே பிரித்துத் தெரியாது. அது தெரியாமல் போய்விட்டால் அவளிடம் வேறு ஒன்றும் இல்லை. சாவியை அவளே எடுத்துப் பீரோவைத் திறந்தாள்.

விசாரணை நாளன்று, அந்த அறையில் முப்பது பேர் இருந்தார்கள். பெனிட்டா எழுந்து நின்று, முன்கூட்டி எழுதிக் கொண்டுவந்திருந்ததை வாசித்தாள்.

"எனக்கு ஆட்டிசம் இருக்கு. சத்தியப்பெட்டிக்கு என்னப் படிக்கத் தெரியாது. அதனால விலக்கு கேக்கேன். நான் சொல்லுதத எழுதிக்கிடுங்க."

பின்வரிசையில் யாரோ "என்னது, என்னது?" என்று கேட்டு, யாரோ விளக்கம் சொல்லி, கிசுகிசுப்பு சுவரோடு ஓடியது. விசாரணை அதிகாரி பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். பெனிட்டா மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தபடி நாற்பது நிமிஷம் பேசினாள். யாரும் குறுக்கே பேசவில்லை. எங்களைப் பார்த்துப் பேசு என்று யாரும் சொல்லவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல்கூட ஒரு கேள்வியும் கேட்காமல் "சரி" என்று உட்கார்ந்தார். அப்படி ஒரு நாற்பது நிமிஷம் அவள் வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை. கூண்டில் நின்ற கிளாட்வின் கையெடுத்துக் கும்பிட்டான். நம்பிவிட்டார்கள் என்று நினைத்தாள் பெனிட்டா.

மறுநாள் சனிக்கிழமை, மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. ஷைனி ஒன்றும் கேட்கவில்லை, அழவும் இல்லை. சித்தி இருக்கும் அறைக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

பன்னிரண்டு நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. வடிவு அதை வாசித்துவிட்டு, பெனிட்டாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், கடைசியில் அப்படியே வாசித்தார்.

"விலக்குப் பெற்ற சாட்சியின் வாய்மொழி பதிவு செய்யப்பட்டது. மானி எண் இல்லாததால் அது எடை போடப்படவில்லை. அவர் எழுதிய பதிவேடுகளுக்கும் இதுவே பொருந்தும்."

"எந்தப் பதிவேடு?"

"எல்லாம். பதினாலு வருசத்துக்கும்." வடிவு கண்ணாடியைக் கழற்றினார். "வாய்ச்சொல்லுக்கு எடை குடுக்க மாட்டாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. பதிவேடு தனியா நிக்கும்னு நினைச்சேன். அதையும் சேத்து அடிப்பானுவன்னு நினைக்கல. என் தப்பும்மா."

"கிளாட்வினுக்கு?"

"ஏழு வருசம்."

"அன்னைக்குக் குறுக்க யாரும் கேக்கலியே. அது ஏன்?"

"எடை இல்லாததுக்குக் குறுக்குக் கேள்வி எதுக்கும்மா?"

"நான் பெட்டி முன்ன உக்காந்து அறுவத்தாறு வாங்கியிருந்தா?"

வடிவு ஜன்னலைப் பார்த்தார்.

"சொல்லுங்க வக்கீலம்மா. எனக்கு மூஞ்சியப் பாத்துப் புரிஞ்சிக்கிடத் தெரியாது. வாயால சொன்னாத்தான் தெரியும்."

"வெளிய வந்திருப்பான்" என்றார் வடிவு.

வேலையை விட்டு அவளை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அது வேறு வழக்காகும் என்று ஜெயக்கொடிக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். இணைக் கையெழுத்து என்று ஒன்று கொண்டுவந்தார்கள். பெனிட்டா எழுதுவதற்குக் கீழே எண் உள்ள ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் அது பதிவு. இயந்திரத்தை நிறுத்துகிற பொத்தானும் இனி அவர் விரலுக்குத்தான் பணியும். அதற்காக வந்து சேர்ந்தார் தங்கசாமி. பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அமோனியா என்றால் சோடாவா என்று கேட்டவர். ஆனால் பெட்டியில் எண்பத்தொன்று.

சகாய ரீத்தாவுக்கும் அங்கேயே வேலை போட்டுக் கொடுத்தார் முதலாளி. என்ன பெருந்தன்மை என்றது துறைமுகம். ரீத்தா ஐஸ் உடைக்கிற இயந்திரத்தின் பக்கம் நின்று கூடையில் அள்ளினாள். முதல் நாள் பெனிட்டாவின் முன்னால் வந்து, "ஒன்ன யாருட்டீ ஊருல இல்லாத நோயெல்லாம் சொல்லச் சொன்னா? பொய்யா ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தா எம் மாப்பிள்ள இன்னைக்கு வீட்டுல இருந்திருப்பாவல்லா!" என்று கத்தினாள். அதற்குப் பிறகு அவள் இருக்கும் பக்கமே திரும்பவில்லை. யார் பார்க்கிறார்கள், யார் பார்க்கவில்லை என்று ஒருநாளும் கவனித்தறியாத பெனிட்டா இதை மட்டும் கவனித்தாள்.

ஜூன் பதினைந்தாம் தேதி தடைக்காலம் முடிந்தது. அறுபத்தொரு நாள் கட்டிப்போட்ட படகுகள் அத்தனையும் ஒரே சமயத்தில் ஐஸ் கேட்டன. காலையில் பத்து மணிக்கு பிளான்ட்டில் முப்பத்தாறு பேர். பெனிட்டா அழுத்தமானியைப் பார்த்தாள். முள் பதினொன்றில் நின்றது. அரைமணி கழித்துப் பார்த்தாள். பதினொன்றிலேயே நின்றது. கம்ப்ரசர் ஓடும்போது அந்த முள் ஒருநாளும் சும்மா நிற்காது. பூனை வால் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். முள் ஆடவில்லை என்றால் முள் செத்துவிட்டது. உள்ளே அழுத்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இயந்திரத்தின் குரலும் மாறியிருந்தது.

அவள் பதிவேட்டில் எழுதித் தங்கசாமியிடம் நீட்டினாள். "கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி. நிறுத்துத பொத்தான அமுக்குங்க."

"ஏம்மா, முள்ளு பச்சைக் கோட்டுக்குள்ளதான நிக்கி?"

"நிக்கதுதான் தப்பு."

"நிக்கது தப்பா? நல்லா இருக்கே கத. இன்னைக்கு நிறுத்துனா மொதலாளி என்ன உரிச்சு ஐஸ்ல வச்சிருவாரு." ஆனாலும் அவர் மனுஷர் நல்லவர். போன் போட்டுக் கேட்டார். மறுமுனையில் ஜெயக்கொடியின் சிரிப்பு பெனிட்டாவுக்கும் கேட்டது. "அவளுக்கு எல்லாம் பெரிய சத்தமாத்தான் வாத்தியாரே கேக்கும். அதுதான் அந்த நோயி. கண்டுக்கிடாதீங்க."

பெனிட்டா படியிறங்கிப் போனாள். வாசல் பக்கச் சுவரில் சிவப்புக் கண்ணாடிக்குள் அபாயச் சங்கின் கைப்பிடி இருந்தது. அதற்கு யார் விரலும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். செருப்பால் கண்ணாடியை உடைத்து இழுத்தாள்.

சங்கு ஊதியதும் முப்பத்தாறு பேரும் போட்டது போட்டபடி ஓடினார்கள். கூடை உருண்டது, ஐஸ் சிதறியது, ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டார்கள். பெனிட்டா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கடைசியாக வெளியே வந்தாள். ஓடியவர்கள் முகத்தில் பயம் இருந்தது. அந்த ஒரு முகத்தை அவளுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். மனம் லேசானது.

"எங்கலே கசியுது?"

"வாட ஒண்ணும் வரலியே."

"யாருலே சங்க இழுத்தது?"

தங்கசாமி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "அந்தப் பிள்ள பெனிட்டாதான்" என்றார்.

"ஓ, அவளா!"

யாரோ சிரித்தார்கள். பீடி பற்றவைக்கப் போன ஒருவன் தீப்பெட்டியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டான். "சவத்த, பயந்தே போயிட்டேன்" என்று ஒருத்தி நெஞ்சைத் தடவினாள். "வாங்க வாங்க, படகு காத்துக்கிடக்கு." ஒவ்வொருவராக, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, உள்ளே போனார்கள். பெனிட்டா கேட்டின் குறுக்கே நின்று பார்த்தாள். "போவாதீங்க. முள்ளு ஆடல. முள்ளு ஆடலன்னா போவக்கூடாது" என்றாள். அவளை இடிக்காமல், மரியாதையாக, நோயாளியைத் தாண்டிப் போவது போலத் தாண்டிப் போனார்கள்.

முப்பத்தைந்து பேர். ஒருத்தி மட்டும் போகவில்லை. கீழே போட மறந்த ஐஸ் கூடையோடு ரோட்டோரத்தில் நின்றாள் சகாய ரீத்தா.

"நீ போகலியா?" என்றாள் பெனிட்டா.

"நேத்து ஜெயில்ல மனு போட்டு எம் மாப்பிள்ளயப் பாத்தேன்." ரீத்தா அவளைப் பார்க்காமல் கட்டடத்தைப் பார்த்தபடி சொன்னாள். "ஒன்னத் திட்டுனேன். திட்டாதட்டீன்னாவ. அக்கா எனக்காவக்கூட ஒரு தேதிய மாத்திச் சொல்லல, அவ சொன்னா நடந்தது நடந்ததுதான்னாவ." கூடையைக் கீழே வைத்தாள். "எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"தெரியல."

உள்ளே சங்கை நிறுத்திவிட்டார்கள். கம்ப்ரசர் ஓடுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. இப்போது இன்னும் கொஞ்சம் மாறியிருந்தது. ரீத்தாவுக்கு அது தெரிந்திருக்காது. பெனிட்டா காதிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆயுசில் முதல்முறையாக, தான் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டு நின்றாள்.